புழுக்கமும் இதயமும்: ஈரத்துணி கட்டிய வெப்பமானியின் கதை

பத்திரிகையில் மரணச் செய்தி எழுதுவதற்கென்று சில வாய்பாடுகள் உண்டு. "திடீர் மாரடைப்பினால் காலமானார்" என்பது அவற்றுள் ஒன்று. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்துவரும் நான் அந்த வாய்பாட்டை எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்று கணக்கிட்டதில்லை. ஆனால் அதனை முதன்முதலாக எழுதிய நாள் நினைவில் இருக்கின்றது.

1993 ஆம் ஆண்டு சித்திரை மாதம். 1990 இன் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. அச்சுக் கடதாசிக்குத் தட்டுப்பாடு. பாடசாலைக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில்கூடப் பத்திரிகை அச்சாகிய காலம் அது. எங்கள் அச்சுக்கூடத்தில் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்றே அழைப்போம். அறுபது வயதைத் தாண்டியவர். குருதியமுக்கத்துக்கு மாத்திரை எடுத்து வந்தவர்; பொருளாதாரத் தடை காரணமாக அந்த மாத்திரை சில வாரங்கள் கிடைக்கும், சில வாரங்கள் கிடைக்காது. வெளியே வானம் மப்பாக இருந்தது. காற்று அசையவில்லை. "இண்டைக்கு வெயில் இல்லைத் தம்பி, ஆனா அவியுது" என்று சொல்லிக்கொண்டே எழுத்துக்களைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தவர் பிற்பகல் நான்கு மணியளவில் சரிந்து விழுந்தார். மண்ணெண்ணெயில் ஓடிய காரொன்றில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். உயிர் முன்னரே பிரிந்துவிட்டது என்றார்கள். மறுநாட் பத்திரிகையில் "திடீர் மாரடைப்பினால்" என்று எழுதினேன்.

அது பொய்யான செய்தியல்ல. ஆயினும் முழுமையான செய்தியுமல்ல என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்து மனித இதயத்தை என்ன செய்கின்றன என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொள்ளவே இருநூறு வருடங்களுக்கு மேல் பிடித்திருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இங்கு எழுத முற்படுகின்றேன்.

தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வெயில் சூரியனிடமிருந்து வருவது. புழுக்கத்துக்குச் சூரியன் கண்ணில் படவேண்டியதில்லை, இரவிலும் புழுங்கும். நெல்லை ஆவியில் வேகவைத்து எடுத்தால் அது புழுங்கல். மனிதனுக்கும் அதே வினைச்சொல்லைத்தான் நம் முன்னோர் பயன்படுத்தினர். யாழ்ப்பாணத்தில் "அவியுது" என்கின்றோமே, அதுவும் அவ்வாறே சமையலறையிலிருந்து வந்த சொல்தான். காற்றில் நீராவி நிறைந்திருக்கும்போது உண்டாகும் வெம்மைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதைச் சாதாரண மக்கள் எப்போதோ உணர்ந்திருக்கின்றார்கள். விஞ்ஞானம் அதற்கு ஓர் இலக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் நீண்டகாலம் எடுத்தது.

கல்கத்தாவிலிருந்து தொடங்கலாம். 1756 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் திகதி. வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் படைகள் வில்லியம் கோட்டையைக் கைப்பற்றின. அகப்பட்ட கைதிகள், ஏறத்தாழ 18 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட, இரண்டு சிறிய கம்பி யன்னல்கள் மட்டுமே இருந்த காவலறையொன்றில் இரவு முழுவதும் பூட்டி வைக்கப்பட்டனர். உள்ளே சென்றவர்கள் 146 பேர் என்றும் காலையில் உயிருடன் வந்தவர்கள் 23 பேர் என்றும் தப்பியவர்களில் ஒருவரான ஹொல்வெல் எழுதினார். பிற்கால வரலாற்றாசிரியர்கள் இந்தத் தொகையை ஏற்பதில்லை. உள்ளே இருந்தவர்கள் 64 பேரளவில்தான் இருந்திருப்பர் என்பது அவர்களுள் ஒருவரின் கணிப்பு. பிரித்தானியர் தமது ஆட்சியை நியாயப்படுத்துவதற்கு இந்தச் சம்பவத்தை எவ்வளவு தூரம் ஊதிப் பெருப்பித்தனர் என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

நமக்கு வேண்டியது வேறு. இருண்ட அறையில் இறந்தவர்கள் எதனால் இறந்தனர்? மூச்சு முட்டி, அசுத்தக் காற்றால் இறந்தனர் என்றே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நம்பப்பட்டது. பாடநூல்களிலும் அவ்வாறே எழுதப்பட்டது. பருவமழைக்கு முந்திய வங்காளத்து ஜூன் மாதப் புழுக்கத்தையும், நெருக்கியடித்து நின்ற உடல்களிலிருந்து எழுந்த வெப்பத்தையும் ஆவியையும் யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்குப் பதினெட்டு வருடங்களின் பின், 1774 இல், லண்டனில் விசித்திரமான பரிசோதனையொன்று நடைபெற்றது. வைத்தியர் ஜோர்ஜ் போர்டைஸ் சூடேற்றப்பட்ட அறைகளை அமைத்திருந்தார். சாள்ஸ் பிளாக்டன், கப்டன் குக்குடன் உலகைச் சுற்றிவந்த ஜோசப் பாங்ஸ், சொலாண்டர் முதலியோர் அவற்றினுள் நுழைந்தனர். உலர்ந்த காற்றுள்ள அறையின் வெப்பநிலை 260 பாகை பரனைற் வரை, அதாவது செல்சியஸில் ஏறத்தாழ 127 பாகை வரை உயர்த்தப்பட்டது. தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டிய வெப்பம்! உள்ளே வைத்த முட்டைகள் வெந்தன. மாட்டிறைச்சித் துண்டு வெந்து காய்ந்தது. ஆனால் உள்ளே நின்ற மனிதர் வேகவில்லை. வெளியே வந்த பிளாக்டன் தமது நாடியைப் பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 144 துடிப்புகள். அவரது வழக்கமான துடிப்பின் இரு மடங்குக்கும் அதிகம்.

இந்தப் பரிசோதனையைப் பற்றி எழுதுபவர்கள் முட்டையையும் இறைச்சியையும் விட்டு விலகுவதில்லை. எனக்கோ அந்த 144 என்ற இலக்கம்தான் முக்கியமாகப் படுகின்றது. தோல் வேகாமல் தப்பியதற்கான விலையை இதயம் செலுத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. போர்டைஸ் தமது முந்திய பரிசோதனைகளில் நிலத்தில் கொதிநீர் ஊற்றி, நீராவி நிறைந்த அறையில் நின்று பார்த்திருந்தார். அங்கு வெப்பநிலை உலர்ந்த அறையின் அரைவாசியளவே இருந்தபோதும் உடலில் நீர் தாரையாக வழிந்தது. நிலைமை மிகக் கடினமாக இருந்தது. உலர் வெப்பமும் ஈர வெப்பமும் ஒன்றல்ல என்பதற்கான சான்று அன்றே கையில் கிடைத்துவிட்டது. எனினும் அதனை அளக்கும் முறையை யாரும் சிந்திக்கவில்லை.

அதனைச் சிந்தித்தவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் ஸ்கொட்லாந்து உடற்றொழிலியலாளர். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுவாயுவை அறியச் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் இவரே. தமது ஆய்வுகளுக்குத் தம்முடலையே பயன்படுத்துவது இவரது வழக்கம். (இவருடைய மகன்தான் பிற்காலத்தில் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964 இல் புவனேஸ்வரத்தில் மறைந்த உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். தந்தை விடை கண்ட புதிர் பிறந்த நகருக்கே மகன் வந்து சேர்ந்தது தற்செயலான ஒற்றுமை.)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கோர்ன்வால் தகரச் சுரங்கங்களில் தொழிலாளரிடையே பரவிய நோயொன்றை ஆராய ஹோல்டேன் அனுப்பப்பட்டார். அந்த நோய்க்குக் காரணம் கொக்கிப்புழு என்று கண்டறிந்தார். நமது மலையகத் தோட்டத் தொழிலாளரை வாட்டிய அதே கொக்கிப்புழுதான். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஆழ்சுரங்கம், இங்கிலாந்தின் குளிருக்கு நடுவே, இலங்கையைப் போன்றதொரு சூழலை அந்தப் புழுவுக்கு வழங்கியிருந்தது. புழுவைத் தேடிப்போன இடத்தில் ஹோல்டேனுக்கு வேறொரு கேள்வி எழுந்தது. இந்தச் சூட்டில் மனிதன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான்?

சுரங்கத்தின் வெப்பமான பகுதிகளில் அமர்ந்து தமது உடல் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் அளந்தார். அவர் கைக்கொண்ட கருவி மிக எளியது. சாதாரண வெப்பமானியொன்றின் குமிழைச் சுற்றி நனைத்த துணி. துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறுதான். காற்று உலர்ந்திருந்தால் நன்றாக ஆவியாகி, ஈரக்குமிழ் வெப்பமானி உலர் வெப்பமானியை விட மிகக் குறைவாகக் காட்டும். காற்றில் நீராவி நிறைந்திருந்தால் இரண்டுக்கும் இடையில் வேறுபாடு இராது. வியர்த்த மனிதத் தோலும் ஈரத்துணி சுற்றிய குமிழ்தானே!

1905 இல் ஹோல்டேன் தமது முடிவுகளை வெளியிட்டார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகை செல்சியஸைத் தாண்டினால், சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதனின் உடல் வெப்பநிலைகூட உயரத் தொடங்குகின்றது. உலர் வெப்பமானி என்ன காட்டுகின்றது என்பது இரண்டாம்பட்சம். கடினமாக உழைப்பவனுக்கோ அந்த எல்லை 25, 26 பாகையிலேயே வந்துவிடுகின்றது. காற்று அசைந்தால் எல்லை சற்று உயர்கின்றது.

31 என்ற அந்த இலக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

அதே காலத்தில் ஜேர்மனியில் புளூகே என்பவரும், சில வருடங்களின் பின் லண்டனில் லெனார்ட் ஹில் என்பவரும் இருண்ட அறையின் புதிரை அவிழ்த்தனர். ஹில் தமது மாணவர்களைச் சிறிய அறையொன்றில் அடைத்து மூடினார். கரியமில வாயு கூடியது, ஒட்சிசன் குறைந்தது, வெப்பமும் ஈரமும் ஏறின, மாணவர்கள் தவித்தனர். அப்போது அறையினுள் இருந்த விசிறியைச் சுழலவிட்டார். காற்று அதே காற்றுத்தான். ஆனால் தவிப்பு அடங்கியது. வெளியிலிருந்து குழாய் மூலம் தூய காற்றைச் சுவாசித்தவர்களுக்கோ அத்தகைய நிம்மதி கிடைக்கவில்லை. கல்கத்தாவில் இறந்தவர்களைக் கொன்றது அசுத்தக் காற்று அல்ல, புழுக்கமே என்ற முடிவுக்கு வர இந்தச் சான்றுகள் போதுமானவையாக இருந்தன.

இனி இந்த அறிவு எங்கே பயன்பட்டது என்று பார்த்தால் மனம் கசக்கின்றது. தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் பாறைத் தூசியால் தொழிலாளரின் நுரையீரல்கள் பழுதடைந்தன. தூசியை அடக்கத் தண்ணீர் தெளித்தனர். தூசி அடங்கியது, ஆனால் ஆழத்திலிருந்த வெப்பமான காற்று நீராவியால் நிறைந்தது. 1924 இல் முதலாவது வெப்பத்தாக்கு மரணங்கள் பதிவாகின. இறந்தவர்கள் பெரும்பாலும் தொலைவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர். நுரையீரலைக் காக்கச் செய்த ஏற்பாடு இதயத்தைத் தாக்கியது.

1930 களில் அங்கு பணியாற்றிய ட்ரியோஸ்டி என்ற வைத்தியர், புதிதாக வருபவர்களைச் சூடான ஈர அறையில் சில நாட்கள் சிறிது சிறிதாக வேலை செய்யவைத்துப் பழக்கினால் மரணங்கள் குறைவதைக் காட்டினார். பழகிய உடலில் குருதியின் நீர்ப்பகுதி கூடுகின்றது. வியர்வை முன்னதாகவும் அதிகமாகவும் சுரக்கின்றது. அதில் உப்பின் அளவு குறைகின்றது. அதே வேலைக்கு இதயம் குறைந்த தடவைகளே துடிக்கின்றது. இன்று விளையாட்டு வீரர்களுக்கும் இராணுவத்தினருக்கும் வழங்கப்படும் வெப்பப் பழக்கப் பயிற்சியின் மூலம் இதுவே. சுரங்க முதலாளிகள் இதனைக் கருணையினால் செய்யவில்லை. இன்னும் ஆழத்துக்குத் தொழிலாளரை இறக்குவதற்காகவே செய்தனர்.

அமெரிக்கக் கடற்படையும் இதே தேவையினாலேயே இந்தத் துறைக்குள் வந்தது. பரிஸ் தீவிலுள்ள மரைன் படைப் பயிற்சி முகாமில் இளைஞர்கள் கோடையில் சுருண்டு விழுந்தனர். 1950 களின் நடுப்பகுதியில் யாக்லூ, மினார்ட் ஆகியோர் வகுத்த சுட்டியில் நூற்றுக்கு 70 பங்கு ஈரக்குமிழுக்கும், 20 பங்கு வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் வெப்பநிலைக்கும், வெறும் 10 பங்கு மட்டுமே சாதாரண வெப்பமானிக்கும் கொடுக்கப்பட்டது. நாங்கள் செய்தியில் தலைப்புப் போடும் அந்தச் சாதாரண வெப்பநிலைக்கு உள்ள மதிப்பு பத்தில் ஒன்றுதான் என்பதைப் பத்திரிகையாளர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு காலமும் இதயத்தினுள் என்ன நடக்கின்றது என்பது சரியாகத் தெரியவில்லை. அதனை விளக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணியாற்றிய லோரிங் றோவெல். 1960 களின் இறுதியில், சூடான நீர் ஓடும் உடையை இளைஞர்களுக்கு அணிவித்து அவர்களுடைய குருதிச் சுற்றோட்டத்தை அளந்தார். ஓய்வாக இருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு 5 அல்லது 6 லீற்றர் குருதியை இறைக்கின்றது. இதில் தோலுக்குச் செல்வது அரை லீற்றருக்கும் குறைவு. உடல் கடுமையாகச் சூடேறும்போது தோலுக்கு மட்டும் 7, 8 லீற்றர் வரை செல்கின்றது. இதயம் தனது இறைப்பை இரு மடங்குக்கு உயர்த்துகின்றது. குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் குருதி குறைக்கப்பட்டுத் தோலின் பக்கம் திருப்பப்படுகின்றது. அதாவது, படுத்துக் கிடக்கும் மனிதனின் இதயம் மலையேறுபவனின் இதயத்தைப் போல வேலை செய்கின்றது.

உலர்ந்த காற்றில் இந்த வேலைக்குப் பயன் கிடைக்கின்றது. ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகின்றது. ஆனால் ஆவியாகாமல் நிலத்தில் சொட்டும் வியர்வையால் எந்தப் பயனும் இல்லை. புழுக்கத்தில் நடப்பது இதுதான். இதயம் குருதியைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. தோல் அதனைக் குளிர்விக்க முடியாமல் திருப்பி அனுப்புகின்றது. வியர்வை வீணாக வழிய, குருதியின் நீர்ப்பகுதி குறைகின்றது. விரிந்த தோல் நாளங்களில் குருதி தேங்குவதால் எழுந்து நிற்கும்போது அமுக்கம் சரிந்து தலை சுற்றுகின்றது.

குருதி தடிப்பதும் உண்டு. லண்டனில் வில்லியம் கீற்றிங் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், 41 பாகை வெப்பத்தில் ஆறு மணித்தியாலங்கள் இருந்த ஆரோக்கியமானவர்களின் குருதியின் பிசுக்குமை ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்திருந்தது. குருதிச் சிறுதட்டுக்களின் செறிவும் கூடியிருந்தது. ஏற்கெனவே ஒடுங்கிய முடியுரு நாடியை உடையவருக்கு இதனால் நேரக்கூடியதை விளக்கத் தேவையில்லை. கனடாவின் மொன்றியல் இருதய நிலைய ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்ட முடிவு இதற்கு மேலும் வலுச்சேர்க்கின்றது. உடல் வெப்பநிலை 1.5 பாகை உயர்ந்தபோது ஆரோக்கியமானவர்களின் இதயத் தசைக்கான குருதியோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகியது. முடியுரு நாடி நோயுள்ள 20 பேரில் 7 பேருக்கு இதயத் தசைக்குக் குருதி போதாத நிலை தோன்றியது. அவர்களில் ஒருவருக்கும் நெஞ்சு நோகவில்லை. நோ இல்லாதபடியால் அவர்கள் தாமாக அதனை அறிந்திருக்க வழியேயில்லை.

இந்த இடத்தில் சிக்காகோவுக்குச் செல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் திகதி அந்த நகரின் மிட்வே விமான நிலையத்தில் 41 பாகை பதிவாகியது. மத்திய கிழக்கிலிருந்து எழுதும் என் வாசகர்களுக்கு 41 பாகை பெரிதாகத் தோன்றாது. ஆனால் சிக்காகோவில் அன்று காற்றில் இருந்த ஈரப்பதன் அசாதாரணமானது. இரவிலும் நகரம் குளிரவில்லை. செங்கற் கட்டடங்களின் மேல்மாடிகளில், களவுக்குப் பயந்து யன்னல்களை மூடிக்கொண்டு தனியே வாழ்ந்த முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். பிரேத அறையில் இடமில்லாமல் குளிரூட்டப்பட்ட லொறிகளைக் கொண்டுவந்து சடலங்களை வைத்தனர்.

குக் மாவட்டத் தலைமை மரண விசாரணை வைத்தியர் எட்மண்ட் டொனஹியூ முக்கியமான தீர்மானமொன்றை எடுத்தார். உடல் வெப்பநிலை 105 பாகை பரனைற்றுக்கு மேல் இருந்தாலோ, சடலம் வெப்பமான அறையில் கிடந்தமைக்குச் சான்று இருந்தாலோ, வேறு காரணம் வெளிப்படையாக இல்லாதவிடத்து, இதய நோயாளியாயினும் அந்த மரணத்தில் வெப்பத்துக்குப் பங்கு உண்டு என அவர் பதிவு செய்தார். அவ்வாறு 465 மரணங்கள் பதிவாகின. நகர முதல்வர் ரிச்சர்ட் டேலி இந்தக் கணக்கைச் சந்தேகித்தார். கோடையில் இறக்கும் ஒவ்வொருவரும் வெப்பத்தாலா இறக்கின்றனர் என்ற தொனியில் அவர் பேசினார். ஊடகங்களில் சிலவும் அதனையே திருப்பிச் சொல்லின.

பின்னர் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்கிட்டனர். வழக்கமான ஒரு ஜூலை வாரத்தில் எத்தனை பேர் இறப்பர், அந்த வாரத்தில் எத்தனை பேர் இறந்தனர் என ஒப்பிட்டனர். ஒரே வாரத்தில் 739 பேர் மேலதிகமாக இறந்திருந்தனர். டொனஹியூ மிகைப்படுத்தவில்லை, குறைத்தே கணக்கிட்டிருந்தார். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பேர்க் 2002 இல் இது குறித்து எழுதிய நூலைப் பத்திரிகையாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வானிலையை விட, யார் தனித்து விடப்பட்டார்கள் என்பதைப் பற்றிய நூல் அது.

ஐரோப்பா இதிலிருந்து பாடம் கற்கவில்லை. 2003 ஆகஸ்ட் மாதத்தில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் மேலதிகமாக இறந்தனர். அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் 70,000 பேருக்கு மேல் இறந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. பிரான்சின் சுகாதாரப் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். பாரிஸில் வாழும் நம்மவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது 31 என்ற இலக்கத்துக்குத் திரும்புவோம். 2010 இல் ஷேர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையே மனித உடலின் அறுதி எல்லை எனக் கணித்தனர். அது பௌதிக விதிகளைக் கொண்டு செய்த கணிப்பு. உலகெங்கும் செய்தியாளர்கள் 35 ஐப் பிடித்துக்கொண்டனர். 2022 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையான மனிதர்களை அறையில் வைத்து அளந்தபோது, இளமையும் ஆரோக்கியமும் உள்ளவர்களுக்கே ஈரமான சூழலில் எல்லை 30.6 பாகையளவில் வந்துவிட்டது. நூற்றுப் பதினேழு வருடங்களுக்கு முன்னர் கோர்ன்வால் சுரங்கத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியுடன் அமர்ந்திருந்த ஹோல்டேன் சொன்னது 31!

நமது வளிமண்டலவியல் திணைக்களம் கோடைகாலத்தில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் வேறொரு வழியில் வந்தது. றொபேட் ஸ்டெட்மன் என்பவர் 1979 இல் வகுத்த அட்டவணையே அதன் அடிப்படை. அவர் துணி, ஆடை ஆகியவற்றை ஆராய்ந்தவர். தமது கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பைத் தமிழில் சொன்னால் "புழுக்கத்தை மதிப்பிடுதல்" என்றுதான் வரும். இந்தச் சுட்டெண் நிழலில், இலேசான காற்றில் நிற்பவருக்கானது. நேர் வெயிலில் நிற்பவருக்கு அது மேலும் 8 பாகை வரை கூடலாம். 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையில் இந்தச் சுட்டெண் எச்சரிக்கை மட்டத்தை எட்டியபோது, மாணவர்களை மைதானத்தில் இறக்க வேண்டாமெனக் கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. எனினும் வயலிலும் வீதி வேலையிலும் மீன்வாடியிலும் நிற்பவருக்கு அத்தகைய அறிவுறுத்தல் எதுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதே 2024 ஒக்டோபர் 6 ஆம் திகதி சென்னை மெரீனாவில் விமானப்படையின் வான்சாகசக் காட்சி நடைபெற்றது. இலட்சக்கணக்கானோர் கூடினர். முற்பகல் 11 மணி தொடக்கம் பிற்பகல் 1 மணி வரை கடற்கரை வெயில், கடலின் ஈரம், நெருக்கம். ஐந்து பேர் உயிரிழந்தனர். வெப்பத்தின் தாக்கமே காரணம் என்று தமிழக சுகாதார அமைச்சர் கூறினார். குடையும் தண்ணீரும் கொண்டுவருமாறு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது என்றும் அவர் சொன்னார். முதலமைச்சர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் ரூபா அறிவித்தார். எதிர்க்கட்சியினர் ஏற்பாடுகளைக் குறை கூறினர். சென்னைச் செய்தியில் "வெப்பம்" என்ற சொல்லாவது முதல் நாளிலேயே இடம்பெற்றது. சிக்காகோவில் அந்த ஒரு சொல்லுக்காகவே போராட வேண்டியிருந்தது.

மின்விசிறி பற்றி நண்பர்கள் கேட்பதுண்டு. புழுக்கத்தில் விசிறி உதவும் என்ற லெனார்ட் ஹில்லின் முடிவு இன்றும் செல்லுபடியாகின்றது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல், 40 பாகையும் 50 வீத ஈரப்பதனும் உள்ள சூழலில் விசிறி இளைஞர்களின் இதயச் சுமையைக் குறைப்பதையும், 47 பாகையில் உலர்ந்த சூட்டில் அதே விசிறி நிலைமையை மோசமாக்குவதையும் காட்டினர். முதியவர்களுக்கு வியர்வை குறைவாகையால் இந்த எல்லை முன்னதாகவே வந்துவிடும். தோலை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டால் விசிறியின் பயன் கூடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்தவேண்டியவர்களும் அவர்களே. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் எடுப்பவர்கள் கோடை தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தாமாக நிறுத்துவது கூடாது.

பெரியண்ணை விழுந்த அன்று ஈரக்குமிழ் வெப்பநிலை என்னவென்று எனக்குத் தெரியாது. சோளகம் வீசத் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. வழக்கமாக மூன்று மணியானதும் அவர் முற்றத்து வேம்பின் கீழ் வாங்கைப் போட்டு, சேட்டைக் கழற்றிவிட்டு அரைமணித்தியாலம் இருப்பார். பனையோலை விசிறியொன்றும் ஒரு செம்பு தண்ணீரும் பக்கத்தில் இருக்கும். அன்று முதற்பக்கம் பிந்திவிட்டது. "அண்ணை, இந்தப் பத்தியை மட்டும் முடிச்சிட்டுப் போங்கோ" என்று கேட்டவன் நான்தான். முடித்துத்தான் கொடுத்தார்.